கடிகாரத்தில் அப்பா பெயர்

சாவிக்காரருக்குச் சர்க்கரை வந்தது பெரிய விஷயமில்லை. அது மகளுக்குத் தெரிந்துபோனதுதான் பெரிய விஷயம். அந்தத் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எல்லாரும் காலையில் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மற்றபடி வழக்கம்போலத் தின்றுகொண்டு காலத்தை ஓட்டினார்கள். சாவிக்காரரும் அப்படியே ஓட்டியிருப்பார். ஆனால் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, வயரிங் வேலை பார்க்கிறவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். ஐந்தே நிமிடத்தில் கடல் தாண்டி மகளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, டாக்டர் என்ன சொன்னார்?"

"நடக்கச் சொன்னார்."

"எவ்வளவு?"

"நடக்கணும்னார். அவ்வளவுதான்."

"எட்டாயிரம் ஸ்டெப்புன்னு மாமா சொல்றாரே."

மச்சினன் அதையும் சொல்லியிருந்தார்.

இரண்டு வாரத்தில் பார்சல் வந்தது. அம்மாவுக்குக் கைக்குப் பூசுகிற களிம்பு ஒரு புட்டி. அப்பாவுக்குக் கறுப்பு நிறத்தில் ஒரு கைக்கடிகாரம். நேரம் காட்டுவது அதற்கு ஓர் உபதொழில். எத்தனை அடி நடந்தார், நெஞ்சு எத்தனை தடவை துடித்தது என்று எண்ணுவதுதான் அதன் வேலை. எண்ணியதை, அவருடைய போன் பக்கத்தில் இருக்கும்போது அதற்குள் இறக்கிவிடும். போன் அதை உடனே மகளுக்கு அனுப்பிவிடும். மகளுடைய போனில் ஒரு பச்சை வட்டம், அதற்கு மேலே "அப்பா" என்று எழுதியிருக்கும். வேலைக்குக் கிளம்புமுன் அவள் அந்த வட்டத்தைப் பார்ப்பாள். அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம்.

சாவிக்காரரின் தொழில் உட்கார்ந்தே செய்கிற தொழில். பஸ் நிறுத்தத்துக்கும் சந்தைக்கும் நடுவே, ஒரு மாடிப்படிக்கு அடியில், நாலடிக்கு மூன்றடியில் அவருடைய கடை. கொண்டுவந்த சாவியை இயந்திரத்தின் ஒரு பக்கம் பூட்டி, வெட்டாத சாவியை மறுபக்கம் பூட்டி, பல் பல்லாக வெட்டி, அரத்தால் தேய்த்து, ஊதிக் கொடுப்பார். பித்தளைத் தூள் மடியெல்லாம் கொட்டிக் கிடக்கும். எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்டூலை வெளியே தள்ளவேண்டும். அதனால் முப்பது வருடமாக எழுந்திருப்பதையே கூடியவரை தவிர்த்து வந்திருந்தார்.

என்றாலும் ஒன்பது நாள் உண்மையாகவே நடந்தார். அதை மறுக்கக்கூடாது. காலையில் எழுந்து தெருவைச் சுற்றி, சந்தையைச் சுற்றி, தெரிந்தவர்கள் "என்ன, சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்பதைக் காதில் வாங்காமல் நடந்தார். பத்தாவது நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது. பதினோராவது நாள் மழை.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து மகளின் குரல் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, துணி மாற்றாமலே பீன்ஸ் நறுக்க உட்கார்ந்திருந்தாள்.

"என்னவாம்?" என்றாள்.

"முந்நூத்திப் பன்னெண்டாம்."

"எது?"

"இன்னைக்கு நான் நடந்தது. ஏம்பா இப்படிப் பண்றீங்கன்னு அழாத குறையாக் கேக்கிறா."

"கடைக்குப் போய் வந்தாலே அதுக்கு மேல வருமே."

"பஸ்ல போனேன். மழையில்ல?"

அவள் சிரித்தாள். "எங்கிட்டக் குடுங்க, நான் கட்டிக்கிட்டுப் போறேன். நாலு மாடி. ஒரு நாளைக்குப் பதினாலு ரூம். லிப்டு தங்குறவங்களுக்கு மட்டும்னு எழுதிப் போட்டிருக்காங்க. நான் நடக்கிறதைத்தான் எண்ணுறதுக்கு ஆள் இல்ல."

அவள் அதை விளையாட்டாகத்தான் சொன்னாள். அவரும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையும் மழை விடவில்லை. அவள் குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, "இந்தா, கையை நீட்டு" என்று அவரே கடிகாரத்தை அவளுக்குக் கட்டிவிட்டார். அவர் போடுகிற ஓட்டையை விட்டு நாலு ஓட்டை உள்ளே தள்ளிப் போடவேண்டியிருந்தது.

சாயங்காலம் அவள் கழற்றி மேசையில் வைத்ததும் போன் ஒருமுறை அதிர்ந்தது. பதினாறாயிரத்து இருநூற்று நாற்பது. இருவரும் அதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இவ்வளவா நடக்கிறே?" என்றார்.

"இன்னைக்கு மூணாவது மாடியில ஒருத்தி வரல. அவ ரூமும் நானே பாத்தேன்."

அதற்குள் மகளின் குரல் வந்துவிட்டது. "அப்பா, நான் நேத்துத் திட்டினதுக்காகவா இவ்வளவு நடந்தீங்க? மழையில வேறயா? எனக்கு அழுகையே வந்திருச்சுப்பா." உண்மையில் அவள் குரல் உடைந்திருந்தது. சாவிக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார்.

நாளைக்கு எப்படிச் சொல்வது? பதினாறாயிரம் நடந்தவர் மறுநாள் முந்நூறு நடந்தால் உடம்புக்கு என்ன என்று மகள் பதறுவாள். அதற்காக இரண்டாம் நாளும் கட்டிவிட்டார். ஒரு வாரம் போனதும் அது பழக்கமாகிவிட்டது. காலை ஆறரைக்கு அவள் ரொட்டியும் அவித்த முட்டையும் டப்பாவில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கையை நீட்டுவாள். அவர் கட்டிவிடுவார்.

அவள் வேலை பார்த்தது ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த தங்கும் விடுதியில். அறை காலியானதும் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து, விரிப்பை உருவி, தலையணை உறைகளைக் கழற்றி, எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தள்ளுவண்டியில் போடவேண்டும். மெத்தையை ஒரு கையால் தூக்கி, மறுகையால் புது விரிப்பின் ஓரத்தை அடியில் செருகவேண்டும். நாலு மூலையும் ஒரே மாதிரி மடிந்திருக்கவேண்டும். பிறகு குளியலறை. மண்டியிட்டுத் தரையைத் தேய்த்து, கண்ணாடியில் தெறித்த பற்பசையைத் துடைத்து, யார் யாருடைய தலைமுடியையோ வடிகாலிலிருந்து பொறுக்கி எடுக்கவேண்டும். ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம். தள்ளுவண்டி மாடிக்கு மாடி ஏறாது. விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள்தான் ஏறவேண்டும். கடிகாரத்தை ரப்பர் கையுறைக்குள் தள்ளிவிட்டுக்கொள்வாள். மேற்பார்வை பார்க்கிறவள் ஒருநாள் கண்டுபிடித்து, "என்ன அது, புதுசா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரருடையது" என்று இவள் சொன்னதும் ஏதோ காதல் சமாசாரம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

இங்கே குடும்பக் குழுவில் சாவிக்காரரின் பெருமை ஏறிக்கொண்டே போனது. மகள் தினமும் பச்சை வட்டத்தைப் படமெடுத்துப் போடுவாள். கட்டைவிரல், கைதட்டல், பூ என்று சொந்தக்காரர்கள் கொட்டுவார்கள். மச்சினன் அவருக்கு நடைமன்னன் என்று பெயர் வைத்தார். ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் எல்லாரும் வீடியோவில் கூடினார்கள்.

"அத்தான், ரகசியத்தைச் சொல்லுங்க," என்றார் மச்சினன். "நான் ஏணியில ஏறி ஏறி இறங்குறேன், எனக்கே ஆறாயிரம் தாண்ட மாட்டேங்குது."

"ரகசியம் என்ன இருக்கு? மனசு வெக்கணும்."

"முழங்கால் வலி எப்படிப்பா போச்சு?" என்றாள் மகள்.

"நடக்க நடக்கத் தானா போயிடும். பாதம் முழுசாத் தரையில படணும். மூச்சை மூக்காலதான் விடணும். பாதிப் பேர் வாயால விடறாங்க, அதான் சீக்கிரம் களைச்சுப் போறாங்க."

வாய் கூசாமல் இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மகள் குறித்துக்கொண்டாள். அடுப்படியில் மனைவி ஒரு வாளி வெந்நீரில் உப்பைப் போட்டு, இரண்டு பாதத்தையும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு முடிந்து அவர் உள்ளே வந்ததும், "மூக்காலதான் விடணுமா? நாளைக்கு ஞாபகமா விடறேன்" என்றாள். அவர் அசடு வழிந்தார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த வயதில் இருவரும் திருட்டுத்தனம் செய்கிற இரண்டு பிள்ளைகளாகியிருந்தார்கள்.

மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம், அவள் கடிகாரத்தைக் கழற்றி வைத்ததும் போன் அதிர்ந்தது. வழக்கமாக ஒருமுறை அதிர்வது மூன்றுமுறை அதிர்ந்தது. திரையில் சிவப்பாக ஏதோ எழுதியிருந்தது. அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மகள் கூப்பிட்டுவிட்டாள்.

"அப்பா, எங்க இருக்கீங்க? உக்காருங்க. உக்காந்துட்டீங்களா?"

"உக்காந்துதான் இருக்கேன். என்ன?"

"உங்க ஹார்ட் பீட் சீரா இல்லன்னு வருதுப்பா. இன்னைக்கு மூணு தடவை. பதினொன்றரைக்கு நூத்தி நாப்பது. அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பதினொன்றரைக்கு அவர் ஒரு அலமாரிப் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "நடந்துட்டிருந்தேன்" என்றார்.

"நெஞ்சு படபடன்னு வந்துச்சா? தலை சுத்துச்சா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காய் நறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தண்ணி கிண்ணி போயிருக்கும் அதுக்குள்ள."

"தண்ணி போனாலும் ஒண்ணும் ஆகாதுப்பா அது. நாளைக்கே டாக்டரைப் பாக்கணும். நான் இங்கிருந்தே புக் பண்றேன். மாமா கூட வருவார்."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று மாதம் இருந்தது. பாதம் முழுசாகத் தரையில் படவேண்டும் என்று தான் சொன்னது இருந்தது. அவர் மென்று முழுங்கினார்.

மறுநாள் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மச்சினனோடு இதய டாக்டரிடம் போனார். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி எடுத்த படம் சரியாக இருந்தது. பிறகு ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். மச்சினன் பக்கத்தில் நின்று அவர் பையை வாங்கிக்கொண்டு, "டாக்டர், வேகத்தைக் கொஞ்சம் கூட்டியே வைங்க. ஒரு நாளைக்குப் பதினஞ்சாயிரம் நடக்கிறவர்" என்று சிபாரிசு செய்தார். நாலாவது நிமிடம் சாவிக்காரர் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, "போதும், நிறுத்துங்க" என்றார். வாயால்தான் மூச்சு விட்டார்.

டாக்டர் நடுவயதுப் பெண். தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹார்ட்ல உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு புரியல. இவ்வளவு நடக்கிறவர் நாலு நிமிஷத்துல இப்படி மூச்சு வாங்க மாட்டார். சர்க்கரையும் குறையல, ஏறித்தான் இருக்கு. இந்த வாட்ச்ச வீட்ல வேற யாராவது கட்டுறாங்களா?"

மச்சினன் சிரித்தார். "வேற யார் டாக்டர் கட்டப்போறாங்க? வீட்ல அவங்க ரெண்டே பேர்."

"நான் அவரைக் கேட்டேன்."

"இல்ல" என்றார் சாவிக்காரர்.

ஒரே சொல். அந்தப் பெண் கேட்டது விசாரணை மாதிரி இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று கதவைத் திறந்து வைத்த மாதிரிதான் இருந்தது. ஊருக்கெல்லாம் பூட்டைத் திறந்துவிடுகிறவருக்கு அந்தக் கதவு வழியாக வெளியே வரத் தெரியவில்லை. காது மடல் சுட, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே மச்சினன் நல்ல செய்தியைக் குழுவில் போட்டுவிட்டிருந்தார். சிவப்பு இதயங்களாக வந்து விழுந்தன. மகள், "வாட்ச்தான்பா தப்பா காட்டுது. அந்த எச்சரிக்கையை ஆஃப் பண்ணிட்டேன், இனிமே உங்களைப் பயமுறுத்தாது" என்றாள். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது.

மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னா அப்ப அது என்னோடதுதான்" என்றாள்.

"வாட்ச் கோளாறுன்னு அவளே சொல்றா."

"சொல்றா."

"உனக்கு ஏதாவது பண்ணுதா?"

"மூணாவது மாடி ஏறினா நெஞ்சுக்குள்ள என்னமோ புரள்ற மாதிரி இருக்கும். விரிக்காத கட்டில்ல கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும். உக்காரக் கூடாதும்பாங்க. கதவைச் சாத்திட்டு உக்காருவேன்."

"எத்தனை நாளா?"

"நாளெல்லாம் யார் பாத்தா?"

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்."

"எந்த டாக்டர்கிட்ட? அந்த அம்மாகிட்டயா? போய் என்னன்னு சொல்வீங்க?"

டீயில் ஆடை படிந்தது. அவளே இரக்கப்பட்டாள்.

"இந்த வாரம் ரெண்டு பேர் லீவு. நான் வேற போகலைன்னா அந்த நெட்டைப் பொண்ணு தனியா மாட்டிக்கும். அடுத்த வாரம் வேற டாக்டரா பாத்துப் போலாம். நம்ம பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. அப்பா நடக்கிறார்னு எவ்வளவு சந்தோஷமா இருக்கா."

இல்லை, நாளைக்கே போகவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக அவருக்கு அப்பாடா என்று இருந்தது. பின்னால் அவர் நினைத்து நினைத்துக் கூனிக் குறுகியது பொய் சொன்னதற்காக அல்ல, அந்த அப்பாடாவுக்காகத்தான். மறுநாள் காலை ஆறரைக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். அவர் கட்டிவிட்டார். அதற்கு மறுநாளும் கட்டிவிட்டார்.

ஆறாம் நாள் பதினொரு மணிக்கு மனைவியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவள் இல்லை. கூட வேலை செய்கிற நெட்டைப் பெண்.

"ஐயா, கொஞ்சம் வாங்க. அக்கா விரிப்பை மடிச்சிட்டிருந்தாங்க, இடது கையிலருந்து நழுவி நழுவி விழுந்துச்சு. எடுக்க முடியல. என்னக்கான்னு கேட்டா வாய் கோணிக்கிச்சு, பேச்சு வரல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

வெட்டிக்கொண்டிருந்த சாவி இயந்திரத்திலேயே இருந்தது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார். சாவிக்குக் காத்திருந்தவர் பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது கை திரும்பியிருந்தது. பேச்சும் திரும்பியிருந்தது, நாக்கு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. மச்சினன் அவருக்கு முன்பே வந்து அக்காவின் காலடியில் நின்றுகொண்டிருந்தார். மூளையைப் படமெடுத்துப் பார்த்து ரத்தக் கசிவு இல்லை என்று சொன்னார்கள். பிறகு அந்த டாக்டரே வந்தார். இருவரையும் வெளியே நடைவழிக்குக் கூப்பிட்டார்.

"ஹார்ட் தாறுமாறாத் துடிக்குது. அப்படித் துடிக்கும்போது உள்ள ரத்தம் கட்டும். சின்னக் கட்டி ஒண்ணு மூளைக்குப் போயிருக்கு. இந்தத் தடவை தானே கரைஞ்சிடுச்சு. அடுத்ததுக்கு அப்படி இருக்காது. எவ்வளவு நாளா இருக்கு இது? அதைப் பொறுத்துத்தான் மருந்தை முடிவு பண்ணணும். அவங்களைக் கேட்டாத் தெரியலைங்கிறாங்க."

"அக்காவுக்கு ஒண்ணுமே இருந்ததில்ல டாக்டர்," என்றார் மச்சினன். "ஒரு நாள் படுத்ததில்ல. இன்னைக்குத்தான்."

சாவிக்காரர் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. படுத்திருக்கிறவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பதும் அவருக்குத் தெரியும். டாக்டர் உள்ளே போகத் திரும்பினார்.

"தெரியும்" என்றார் சாவிக்காரர்.

டாக்டர் நின்று பார்த்தார். "நீங்க போன வாரம் வந்தவர்தானே?"

"அந்த வாட்ச்... அது அவ கட்டினது. மூணு மாசமா அவதான் கட்டிக்கிட்டுப் போனா. நான் நடக்கல. ஒன்பது நாளுக்கு மேல நான் ஒரு நாளும் நடக்கல. அன்னைக்கு நீங்க கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பதிவெல்லாம் வேணும், இப்பவே" என்று மட்டும் சொன்னார். மச்சினன், பேசாமல் ஒரு நிமிடம் இருந்தறியாத மனிதர், ஒரு வார்த்தை பேசவில்லை. சாவிக்காரரின் தோளில் அதுவரை வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டு, அக்கா படுத்திருந்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதப் பதிவும் மகளின் போனில்தான் இருந்தது. சாவிக்காரர் நடைவழியின் மூலையில் நின்று கூப்பிட்டார். அங்கே அவள் இன்னும் தூக்கத்தில் இருந்தாள்.

"அப்பா? என்னப்பா இந்த நேரத்துல?"

அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னார். அவள் அழுதாள், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்டாள்.

"அந்த வாட்ச் எண்ணினதெல்லாம் வேணுமாம். முதல் நாள்லருந்து."

"உங்களோடது எதுக்குப்பா? அம்மாவுக்குத்தானே..."

"அம்மாவோடதுதான் அது."

"என்னது?"

"நீ பாத்ததெல்லாம் அம்மா நடந்ததும்மா. நான் கட்டிவிட்டேன். அந்த நெஞ்சு துடிச்சதும் அம்மாவோடது. நீ பயந்து போன் பண்ணினியே, அன்னைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறுநாள் கட்டிவிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"பதினாறாயிரமாப்பா அம்மா தினம் நடந்தாங்க?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"அந்த எச்சரிக்கையை நான்தானே ஆஃப் பண்ணினேன்."

"நான் சொல்லாததாலதான் நீ பண்ணினே."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலுவலகக் குரலில் பேசினாள். "இதுல எல்லாம் உங்க பேர்ல இருக்கு. இப்படியே அனுப்பினா குழப்பமாயிடும். அம்மா பேருக்கு மாத்தித்தான் அனுப்பணும். பேர் போட்டாச்சு. வயசு கேக்குது. அம்மாவுக்கு என்ன வயசுப்பா?"

சாவிக்காரர் யோசித்தார். தன்னைவிட எத்தனை சின்னவள் என்று யோசித்தார். முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். "உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியலப்பா." அவள் குரல் மறுபடி உடைந்தது. "உங்களோடது தெரியும். அம்மாவோடது நான் கேட்டதே இல்ல. எடையும் கேக்குது."

போனை அணைக்காமலே கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றார். மனைவி தலையணையில் சாய்ந்து, ஆஸ்பத்திரி விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"எதுக்கு? அவ வருத்தப்படுவா."

"உனக்கு என்ன வயசு?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். நாக்குத் தடித்திருந்ததால் மெதுவாகத்தான் சொன்னாள். "அம்பத்தெட்டு."

"எடை?"

"தெரியாது. நான் என்னைக்கு நிறுத்துப் பாத்தேன்?"

ஊசி மருந்தின் அளவுக்காக நர்சும் அதைத்தான் கேட்டு வந்திருந்தாள். எடை பார்க்கிற கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, "மெல்ல இறங்குங்கம்மா" என்றாள். சாவிக்காரர் ஒரு கையில் போனோடு, மறுகையால் மனைவியின் முழங்கையைப் பிடித்து இறக்கினார். அவள் வெறுங்காலோடு கருவியின் மேல் ஏறினாள். பாதங்கள் ஓரமெல்லாம் வெடித்து, குதிகால் காய்த்துப்போயிருந்தன. கொஞ்சம் ஆடினாள். அவர் பிடியை இறுக்கினார்.

"ஐயா, கையை எடுங்க," என்றாள் நர்ஸ். "நீங்க பிடிச்சிருந்தா அது அவங்க எடை இல்ல."

அவர் கையை எடுத்தார். அவள் சுவரைப் பார்த்தபடி தனியாக நின்றாள்.

"நாப்பத்து மூணு" என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

"எவ்வளவுப்பா?" என்று போனில் மகள் கேட்டாள். "அப்பா? எவ்வளவு?"

சாவிக்காரர் போனை மனைவியின் பக்கம் நீட்டினார். மனைவிதான் கருவியின் மேல் நின்றபடியே போனுக்கு எட்டுமாறு கொஞ்சம் குனிந்து சொன்னாள்.

"நாப்பத்து மூணும்மா. போட்டுக்கோ."